இடமும் வலமும் பார்த்தவன்

ஒரு நல்ல கால்பந்தாட்டக்காரனின் வாழ்க்கையை ஒரே கடிதத்தில் முடித்துவைத்தவன் நான் என்று இருபத்திநான்கு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தக் குற்ற உணர்ச்சிக்குள்ளே பொடியாக ஒரு பெருமையும் இருந்தது. நான் எழுதியவற்றில் ஒரு மனிதனை இருந்த இடத்திலிருந்து அசைத்தது அந்த ஒன்றுதான். மற்றபடி பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறவன் நான்; படித்துவிட்டு வாசகர் யாரும் நாற்காலியை விட்டு எழுந்ததாகக்கூடத் தகவல் இல்லை. இப்போது மயூர் விஹார் வீட்டில் என் எழுதுமேஜைக்கு அடியில் ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ் இருக்கிறது. அடியில் பதினொரு முளைகள், பன்னிரண்டாவது உடைந்திருக்கிறது. தோல் வெடித்து, வாய் பிளந்து, உள்ளே காகிதம் அடைத்து, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடக்கின்றன. மனைவி இரண்டு முறை தூக்கிப் போடப் பார்த்தாள். நான் விடவில்லை.

பூட்ஸ் என் பெரியப்பா மகனுடையது. என்னைவிட இரண்டு வயது மூத்தவன், அண்ணன். நான் திருநெல்வேலியிலிருந்து பதினெட்டு வயதில் தேர்வு எழுதி வேலை பிடிக்கலாம் என்று தில்லி வந்து சரோஜினி நகரில் பெரியப்பாவின் அரசாங்க குவார்ட்டர்ஸில் இறங்கியபோது, அவன் வாசலில் உட்கார்ந்து இதே மாதிரி ஒரு பூட்ஸுக்குள் பழைய ஹிந்தி செய்தித்தாளைக் கிழித்துத் திணித்துக்கொண்டிருந்தான். ஈரம் உறிஞ்சுவதற்கு, வடிவம் கெடாமல் இருப்பதற்கு. “பேப்பர் படிக்கிறியா?” என்றேன், ஏதாவது பேசவேண்டுமே என்று. “பூட்ஸ் படிக்குது,” என்றான். அவன் பிறந்ததும் படித்ததும் தில்லியில். வீட்டில் தமிழ் பேசுவான், பாதிக்குப் பாதி ஹிந்தி கலந்து. எழுதப் படிக்க வராது. ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் பிள்ளையார் படம் எந்தப் பக்கம் என்று பார்த்து நேராகப் பிடிப்பான். நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும்போது, நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் ஆடியது நடுக்களத்தில், மிட்ஃபீல்டர். கோல் போடுகிறவனை எல்லோருக்கும் தெரியும், கோல் காப்பவன் தப்பு செய்தால் எல்லோருக்கும் தெரியும். நடுவில் ஆடுகிறவனோ, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற சித்தப்பா மாதிரி. அவர் இல்லாவிட்டால்தான் அவர் இருந்தது தெரியும். அண்ணனிடம் ஒரு பழக்கம் உண்டு. பந்து காலுக்கு வருவதற்கு முன்னால் தலையைத் திருப்பி இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. அதையே மறுபடி ஒரு முறை. “வந்தப்புறம் பார்த்தா காம் கதம். வர்றதுக்கு முன்னாடியே பார்த்து வெச்சுக்கணும், சமஜா?” என்பான். மைதானத்தோடு அந்தப் பழக்கம் நிற்கவில்லை. ரிங் ரோட்டைக் கடக்கும்போதும், கோயில் பிராகாரத்தில் பிரசாத வரிசையில் நிற்கும்போதும், கடைசியில் தாலி கட்டுகிற நேரத்தில்கூட இடம், வலம், இடம், வலம் என்று பார்த்தான். பெண் வீட்டார், மாப்பிள்ளை ஓடிவிடப் பார்க்கிறார் என்று பயந்தார்கள்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அந்த அலுவலக அணிக்கு ஆடினான். தில்லி லீகில் இருநூறு பேர் பார்ப்பார்கள்; அதில் ஐம்பது பேர் எதிர் அணி ஆட்டக்காரர்களின் மாமன் மச்சான். பிறகு கல்கத்தாவின் ஒரு கிளப் அவனைக் கூப்பிட, அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு மூன்று சீசன் போனான். அங்கேதான் மீன் சாப்பிடப் பழகினான். மீன் வாசனை அடித்தாலே ஜன்னலைச் சாத்துகிற சைவக் குடும்பம் எங்களுடையது. பெரியப்பா சாகிற வரைக்கும் அவருக்கு இந்த விஷயம் தெரியாது. இவனுக்கு எதையும் மறைக்கத் தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

கல்கத்தாவில் அவனுக்குப் பயிற்சி கொடுத்த வெளிநாட்டுக்காரர், ஊர் திரும்பியதும் பின்லாந்தில் ஒரு சின்ன ஊர் கிளப்பில் சேர்ந்தார், இரண்டாம் பிரிவு. நடுக்களத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்று அண்ணனை அழைத்தார். ஒரு வருட ஒப்பந்தம். அப்போது அவனுக்கு இருபத்தொன்பது வயது. அந்த விளையாட்டில் அது பேரன் எடுக்கிற வயது. ஊதியமில்லா விடுப்புக்கான விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். ‘பணிவுடன் சமர்ப்பிக்கப்படுவது யாதெனில்’ என்று ஆங்கிலத்தில் தொடங்கி, தேசத்தின் மானமே அவன் கணுக்காலில் இருப்பதாக முடித்திருந்தேன். விடுப்பு கிடைத்தது. விமான நிலையத்தில் பெரியப்பா அவன் கையில் ஒரு மஃப்ளரைக் கொடுத்தார். “ஏலே, காத மூடிக்கோ,” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

அங்கிருந்து ஒரே ஒரு வீடியோ கேசட் வந்தது. பக்கத்து வீட்டு வி.சி.ஆரை இரவல் வாங்கி, பெரியப்பா, பெரியம்மா, நான், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று சரோஜினி நகர் முன்னறையில் பதினேழு பேர் உட்கார்ந்து பார்த்தோம். புல்லின் ஓரத்தில் அழுக்குப் பனி குவிந்து கிடந்தது. எல்லோரும் வெள்ளையாக, உயரமாக, ஒரே மாதிரி ஓடினார்கள். அண்ணனை மட்டும் காணவில்லை. காமிரா பந்தோடு போயிற்று. அண்ணனிடம் பந்து ஒரு நொடிதான் இருக்கும். அவன் யார் என்று நாம் கண்டுபிடிப்பதற்குள் பந்து வேறொருவன் காலில் இருக்கும், காமிராவும் அங்கே போய்விடும். “அவன எங்கலே காணும்?” என்று பெரியப்பா தொண்ணூறு நிமிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை, யாருக்கோ அடிபட்டு ஆட்டம் நின்றபோது, திரையின் மூலையில் இடுப்பில் கைவைத்து ஒரு கறுத்த உருவம் நின்றது. ஆட்டமே நின்றிருந்தது, இருந்தும் இடம் பார்த்தது, வலம் பார்த்தது. பெரியம்மா எழுந்துபோய்த் திரையைத் தொட்டாள்.

அந்த வருடம் பெரியப்பா ஓய்வுபெற வேண்டியிருந்தது. அரசாங்கக் காலனிகளில் வாழ்ந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். ஓய்வுபெற்ற சில மாதங்களில் வீட்டைக் காலி செய்யவேண்டும். மகனும் மத்திய அரசு வேலையில் இருந்து, அப்பாவோடு அதே கூரையில் வாழ்கிறவனாக இருந்தால் அவன் பெயரில் ஒரு வீடு கேட்டு வாங்கலாம். தில்லியில் முப்பத்தாறு வருடம் வாழ்ந்தும் பெரியப்பாவுக்குச் சொந்தமாக ஒரு செங்கல் கிடையாது. கூரை மொத்தமும் அண்ணனின் குமாஸ்தா நாற்காலியில் நின்றது. நாற்காலி ஆளில்லாமல் நின்றது. இந்த நிலையில் அலுவலகத்திலிருந்து குறிப்பாணை வந்தது: விடுப்பு முடிகிற தேதியில் பணியில் சேராவிட்டால் வேலையை விட்டதாகக் கருதப்படும். கிளப் இன்னொரு வருடம் அவனை வைத்துக்கொள்ளப் போகிறது என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். பெரியப்பா ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து போன் போட்டு, “வந்துருலே,” என்று மட்டும் சொல்லிவிட்டு, மீட்டரைப் பார்த்து வைத்துவிட்டார். என் பக்கம் திரும்பினார். “நீதானல எழுதுத ஆளு. நாஞ் சொன்னா அவன் கேக்க மாட்டாம். நீ எழுது.”

மூன்று நாள் எழுதினேன். நான் வேலை பார்த்த அரசாங்க அலுவலகத்துக் கனமான தாளில், நீல மையில், பதினோரு பக்கம். ஆங்கிலத்தில் எனக்குக் கோப்புக்குறிப்பு மட்டும்தான் வரும். உருக்கம் என்றால் தமிழ்தான். பந்து உருண்டை, உருண்டையானது எதுவும் ஓரிடத்தில் நிற்காது, அரசாங்க நாற்காலிக்கோ நான்கு கால் என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தேன். அதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன், அவ்வளவு பிடித்திருந்தது. பெரியம்மா திரையைத் தொட்டதற்கு ஒரு முழுப் பக்கம். தபாலில் சேர்ப்பதற்கு முன் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாருக்கு எழுதுகிறோம், அவனுக்கு எந்த எழுத்து தெரியும் என்பது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

ஆறு வாரத்தில் அண்ணன் வந்துவிட்டான். விடுப்பு முடிய ஒரு நாள் இருக்கும்போது கையெழுத்துப் போட்டுப் பணியில் சேர்ந்தான். அவன் பெயரில் வீடு கிடைத்தது. இரண்டு சந்து தள்ளி, அதே சரோஜினி நகரில். “இவன் ஒரு லெட்டர் போட்டாம் பாத்துக்கோ, பய பெட்டியக் கெட்டிட்டு வந்துட்டாம்,” என்று பெரியப்பா காய்கறிக்காரர் உட்பட எல்லோரிடமும் சொன்னார். அப்போது அண்ணன் பக்கத்தில் நிற்பான். மறுக்க மாட்டான், சிரிக்கவும் மாட்டான். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கத்தால் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

அண்ணனைத் தபால் அனுப்பும் பிரிவில் உட்கார வைத்தார்கள். கோப்பு இடது பக்கத்திலிருந்து வரும். அது மேஜையைத் தொடுவதற்கு முன்பே அவன் வலது பக்கம் எந்தத் தட்டு காலி என்று பார்த்துவிட்டிருப்பான். இருபது வருடத்துக்கும் மேலாக அதே நாற்காலி. ஒரு டிசம்பர் மத்தியானம், எதிரில் நிற்கிற பஸ்கூடத் தெரியாத பனிமூட்டத்தில், அலுவலகத்துக்கு வெளியே டீக்கடையில் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, “அண்ணே, அந்த லெட்டர்…” என்று ஆரம்பித்தேன். “எந்த லெட்டர்?” என்றான். பிறகு, “அட, சோடோ யார், விடு. டீ ஆறுது,” என்றான். அவன் என்னை மன்னித்துவிட்டான் என்று நினைத்து அன்றிரவு நான் தூங்கவில்லை. என்னை மன்னித்தவர்கள் மேல் எனக்கு எப்போதுமே கொஞ்சம் பயம் உண்டு.

போன குளிர்காலம் அவனுக்கு மூச்சு முட்டியது. ஐம்பத்து மூன்று வயது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் முகத்தில் ஆக்சிஜன் மூடி. கதவு திறக்கும் சத்தம் கேட்டால் போதும், நர்ஸ் கட்டிலுக்கு வருவதற்குள் தலையணையில் தலை மெல்லத் திரும்பும்: இடம், வலம். நான் போன கடைசி நாளில் இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் வருவதற்குள் களைத்துவிட்டான். அந்தப் பக்கம்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

சரோஜினி நகர் பழைய வீடுகளை இடித்தபோது அவர்களுக்குக் கித்வாய் நகரில் வீடு கொடுத்திருந்தார்கள். அண்ணன் வேலையில் இருக்கும்போதே போய்விட்டதால் அதையும் அண்ணி குறித்த காலத்துக்குள் காலி செய்யவேண்டும். காரியமெல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். அவளும் தில்லியில் பிறந்தவள்தான். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பாலிதீன் பையிலிருந்து பூட்ஸை எடுத்தாள். “இது பின்லாந்து பூட்ஸ். உள்ளே ஏதோ தமிழ்ப் பேப்பர் இருக்கு. ஜாதகமா, சுலோகமா தெரியலை, கூடையில போட மனசு வரலை. நீங்க பாருங்களேன்.”

இடது காலில் முதல் ஆறு பக்கம், வலது காலில் மீதி ஐந்து. விரல்களின் வடிவத்தில் இறுகிப்போயிருந்தன. பிரித்தால் ஒடிந்தது. ‘அரசாங்க நாற்காலிக்கோ’ என்பது வரை தெரிந்தது. நான்கு காலையும் ஈரம் தின்றுவிட்டிருந்தது.

 அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: என் கடிதத்தால்தான் அவன் திரும்பினான், இன்னும் ஒரு வருடம், இரண்டு வருடம் ஆடியிருப்பான், கெடுத்தவன் நான். அண்ணி பெட்டிக்கு டேப் ஒட்டுவதை நிறுத்தவில்லை.

“அரே, நீங்க ஒண்ணு. அந்த கிளப்காரங்க ஆகஸ்ட்லயே சொல்லிட்டாங்களே, அடுத்த வருஷம் வேண்டாம்னு. கண்ணு எல்லாரையும்விட முன்னாடி பார்த்துடுதாம், கால்தான் லேட்டாம். டிக்கெட்கூட அவங்களே போட்டுட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே என்கிட்ட சொல்லிட்டார். மாமாகிட்ட சொல்லிடாதேன்னார். உங்க லெட்டரைப் பார்த்துட்டுதான் புள்ள வந்தான்னு மாமா பெருமையா சொல்லிட்டிருந்தாரா, அச்சா ஹை, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டார்.”

அவனை வேண்டாம் என்று அனுப்பியது வெளியே தெரியாமல் இருக்க என் கடிதம் இருபத்திநான்கு வருடம் திரையாகத் தொங்கியிருக்கிறது. திரைக்குப் பின்னால் அவன் தனியாக நின்றிருக்கிறான். முன்னால் நான், கெடுத்தவன் என்ற பட்டத்தோடு, ஏறக்குறைய மாலை போட்டுக்கொண்டு. அன்று டீக்கடையில் நான் வாயைத் திறக்கும் முன்னால் அவன் இரண்டு பக்கமும் பார்த்திருப்பான். நான்தான் ஒரு பக்கமும் பார்க்கவில்லை. கையில் இரண்டு பூட்ஸையும் வைத்துக்கொண்டு, “ஒரு பக்கமாவது யாரையாவது வெச்சுப் படிச்சிருப்பாரா அண்ணி?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அண்ணி பல்லால் டேப்பைக் கடித்து அறுத்தாள். “படிச்சதா சொன்னதில்ல. ஆனா அந்த ஊர் ஈரத்துக்கு நம்ம கவர்மென்ட் பேப்பர் மாதிரி வராதுன்னு சொல்வார். மை மட்டும் சாக்ஸ்ல ஒட்டிக்குமாம்.”