கை போனவர் வேஷம்

முகம் எல்லோருக்கும் தெரிந்து, பேர் ஒருவருக்கும் தெரியாமல் இருப்பதற்கு எங்கள் தொழிலில் வைத்திருக்கும் கௌரவமான பட்டம் ‘குணச்சித்திர நடிகர்’. கல்யாண வீட்டுக் காட்சியில் “மாப்பிள்ளை வந்தாச்சு!” என்று கத்திவிட்டு அதோடு காணாமல் போகிறாரே, அவர்தான் நான். ஒரே இடத்தில் பல வருஷம் உழைத்த பிறகும் “நீங்க யாரு சார்?” என்று கேட்கப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், என் வயிற்றெரிச்சல் அவர்களுக்குப் புரியும்.

துக்க வீட்டு ஆள்

எனக்கு ஸ்ரீபெரும்புதூரில் வீடு. ஒருநாள் ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, “டிவில வருவேம்மா” என்று நானே எடுத்துக் கொடுத்தேன். பொய்யில்லை. சீரியல்களில் யார் செத்தாலும் மாலையோடு நுழைகிற நாலு பேரில் நான் ஒருவன். அந்த அம்மாள் மசியவில்லை.

“சும்மா கதை வுடாதய்யா. எங்க மாமனார் சாவுக்கு வந்து மாலை போட்டுட்டு, காபி குடிச்சிகினு போன ஆளுதான நீ?”

முதல் கதாநாயகன்

சீரியல்காரர்களுக்கும் என் முகம் அலுத்துப்போன சமயத்தில், ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பயிற்சிப் படம் எடுத்தார்கள். அதில், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினில் கையை விட்டுவிடும் தொழிலாளி நான். அந்த மெஷினில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் இரண்டையும் ஒருசேர அழுத்தினால்தான் அது கீழே இறங்கும், கை உள்ளே இருக்க வழியில்லை. ஆனால் வேகமாக வேலை ஆகவேண்டுமென்று ஒரு பொத்தானை அழுத்தியபடியே டேப் போட்டு ஒட்டிவிட்டு, மிச்சமுள்ள கையால் தகட்டை உள்ளே தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கெட்டிக்காரன்தான் என் பாத்திரம்.

இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கென்று ஒரு கதை வந்தது அதுதான் முதல் தடவை. ஒரே ஒரு தடவையாவது நான் நடிப்பதை யாராவது நிஜமென்று நம்பிவிட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. விடுவேனா? கை நசுங்கும் இடத்தில் அடிவயிற்றிலிருந்து ஒரு அலறல் கொடுத்தேன். படம் எடுத்த தம்பி ஹெட்ஃபோனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

“பின்னிட்டீங்க சார்! பக்கத்து கம்பெனி செக்யூரிட்டி ஓடி வந்துட்டாரு.”

பாசம்

படத்தைப் போட்டுக் காட்டும்போது நடிகரும் நேரில் இருந்தால் யாரும் தூங்கமாட்டார்கள் என்று சேஃப்டி ஆபீசர் கல்யாணி மேடம் என்னையும் அழைத்திருந்தார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அறுபது பேர். என் அலறல் வந்ததும் ஹால் முழுக்கச் சிரிப்பு. முன்வரிசையில் ஒருவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரம் முழுவதும் கேன்டீனில் யார் தட்டைக் கீழே போட்டாலும் பத்துப் பேர் என்னைப் போலவே அலறினார்களாம். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

வேறு ஆளை வைத்து அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்கப்போவதாக மேடம் சொன்னார். நல்ல மனுஷி, சொல்வதற்கே சங்கடப்பட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்களைப் பாத்தா எங்க பசங்களுக்குப் பயம் வரல, பாசம்தான் வருது.”

இசக்கிமுத்து சொன்னது

கேட் பாஸைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஸ்டோர்ஸிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வலது கையில் இரண்டு விரல் இல்லை. முன்பு வேறொரு கம்பெனியில் பிரஸ்ஸில் நின்றவர். “படம் பாத்தேண்ணே. கத்துதீயள்லா, அங்கதான் தப்பு” என்றார். எனக்குச் சுருக்கென்றது. இவர் எனக்கு நடிப்பு சொல்லித் தருகிறாரா என்று முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் அந்தக் கையைப் பார்த்தேன். “விரல் போனப்ப நீங்க என்ன பண்ணினீங்க?” என்று கேட்டேன்.

“கையப் பின்னால மறைச்சுக்கிட்டேம்ணே. சூப்பர்வைசர் என்னலன்னு கேட்டாரு. ஒண்ணுமில்ல சார், ஒண்ணுமில்லன்னு சிரிச்சேன். லைன் நின்னா நாளைக்கு வேலைக்கு வராதன்னுருவாவல்லா.”

இன்னொரு டேக்

நேரே மேடத்திடம் போய் இன்னும் ஒரு டேக் கேட்டேன். வாய்ப்புக் கேட்டு நான் யார் காலிலும் இத்தனை வருஷத்தில் விழுந்ததில்லை. அன்று ஏறக்குறைய விழுந்தேன். படம் எடுக்கும் தம்பி, “சவுண்டே இல்லாம எப்படி சார்?” என்று இழுத்தார். மேடம்தான், “எடுங்க, பாக்கலாம்” என்றார். இந்த முறை மெஷின் இறங்கியதும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், சூப்பர்வைசரைப் பார்த்து, “ஒண்ணுமில்ல சார்” என்று சிரித்தேன். அவ்வளவுதான் நடிப்பு.

பழைய ஆட்களுக்கு முதலில் போட்டார்கள். நான் கடைசி வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரித்தால் அன்றோடு நடிப்புக்கு முழுக்குப் போட்டுவிடுவது என்று முடிவு. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவுமில்லை. விளக்கு போட்டதும் பேசாமல் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். பிடித்ததா இல்லையா என்றுகூடத் தெரியாமல் நான் நின்றேன்.

அப்போது பிரஸ் மெஷின் பிரிவில் வேலைசெய்யும் ஏழுமலை என்பவர் என் பக்கத்தில் வந்து நின்றார். சுங்குவார்சத்திரத்துக்காரர், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். டீ குடிக்கும்போதும் ஒரு கையில் கிளவுஸைக் கழற்றவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கழற்றினார். உள்ளங்கை பூரிபோல வீங்கி, நடுவில் கறுத்திருந்தது.

“மூணு நாளா உள்ள தகட்டுத் துண்டு குத்திகினே கீது சார். வூட்லகூட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். இத்த நான் யாராண்ட சொல்லணும்?”

கைதட்டல் வரும் என்று இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த எனக்கு, வந்ததென்னவோ ஒரே ஒரு கைதான், அதையும் முதலுதவி அறைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது.