அணு நுழையாத அடுப்படி

பத்து வயதில் எனக்கு ஒரே ஓர் எதிரிதான். அதன் பெயர் அணு.

அறிமுகப்படுத்தியவர் மாமா, அம்மாவின் தம்பி. மதுரையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தவர், லீவுக்குக் கொடைக்கானலுக்கும் மேலே இருக்கிற எங்கள் ஊருக்கு வந்து கதை அளந்துகொண்டிருந்தார். பம்பாய்ப் பக்கம் அணுவில் கரண்ட் எடுக்கப்போகிறார்களாம். ஒரு காட்டையே வெட்டி எரித்த சூடு ஒரு கைப்பிடி அணுவில் வருமாம், புகையே கிடையாதாம். அது என்ன நிறம், வாசனை உண்டா, பூனை தின்றால் என்ன ஆகும் என்று நான் அவரை அரித்தெடுத்தேன். பாவம், அவருக்கும் அதற்குமேல் தெரியவில்லை.

அப்பா ஒரே போடாகப் போட்டார். "சப்பான்ல ஊரையே பொசுக்குன சனியன் அது. வெடிச்சா வெசம் காத்துல வரும், சின்னச் சந்து போதும். வெறகு நமக்கு என்னைக்காச்சும் கேடு செஞ்சிருக்கா?"

எங்கள் அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது. அடுப்புக்கு மேலே உத்திரத்தில் பூண்டுக் கட்டுகள் தொங்கும். மாதக்கணக்கில் புகை ஏறினால்தான் பூண்டு கெடாது என்பதால், புகையை வெளியே விடாமல் காப்பது ஊர் வழக்கம். அம்மா அதற்குள் இருமிக்கொண்டே சமைப்பாள். இருமல் கேட்டால் சோறு ஆகிறது என்று எங்களுக்கு அர்த்தம். மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அப்பா வத்தலக்குண்டு சந்தைக்குப் போன நாள் பார்த்து, கடப்பாரையால் அடுப்படிச் சுவரில் தட்டு அகலத்துக்கு ஓர் ஓட்டை போட்டுவிட்டு, வெரசாக பஸ் ஏறிவிட்டார். அந்த வாரம் அம்மாவின் இருமல் குறைந்தது.

எனக்கோ தூக்கம் போயிற்று. அணு வந்தால் அந்த ஓட்டை வழியாகத்தானே வரும், அங்கே அம்மா அல்லவா உட்கார்ந்திருக்கிறாள்! சாக்கைச் சுருட்டித் திணித்து, மண் குழைத்து நானே பூசினேன்.

"எதுக்குடி அடைச்ச?" என்றாள் அம்மா.

"அணு வரும்மா. ஒனக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

அம்மா கண்ணீர் வழியச் சிரித்து, இருமி, என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். பூண்டுக்கும் நல்லது என்று அப்பா மெச்சினார். அடைப்பை யாரும் எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் மதுரை ஆஸ்பத்திரியில், அம்மாவின் நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டர், இவர் எத்தனை வருஷமாக பீடி குடிக்கிறார் என்று கேட்டார். எங்கள் வகையறாவில் பொம்பளைகள் பீடியைத் தொட்டதே இல்லை என்று அப்பா கோபப்பட்டார்.

நான் சுவரோரமாக நின்று, அடுப்படியில் எந்தச் சின்னச் சந்தை அடைக்காமல் விட்டோம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.