இடது கை நீளமான ஜப்பான் கோட்டு

மூட்டையைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையை அறுத்ததும் பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறும். அழுத்திக் கட்டிய துணியெல்லாம் உப்பிக்கொண்டு எழும்...

அப்போது டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு, கள்ளக்குறிச்சியில் ஒரு லேத் பட்டறையில் இருந்தேன். நண்பன் ரவி வெளிநாட்டுப் பழைய துணிகளை மூட்டையாக எடுத்து, மலைமேல் இருக்கும் கரியாலூரில் தார்ப்பாய் விரித்து விற்பான். அங்கே குளிர், ஸ்வெட்டர் நன்றாகப் போகும். லீவு நாளில் மூட்டை பிரிக்க நானும் போவேன்.

ஒரு மூட்டையில் அது வந்தது. கறுப்புக் கம்பளிக் கோட்டு. இடது கை வலது கையைவிட நாலு அங்குலம் நீளம். காலர் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. கீழ் விளிம்பு மடித்து அடிக்காமல் சாய்வாக ஓடியது.

"இன்னாடா இது, சோளக்கொல்ல பொம்மைக்குத் தச்சதா? எவன் வாங்குவான்? நீயே எடுத்துக்கினு போ" என்றான் ரவி.

எடுத்துப் போனேன். ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று பத்து இடத்தில் எண்ணினேன். பத்திலும் ஒரே எண்ணிக்கை! உள்பக்கம் ஒரு பிசிறு இல்லை. தப்பாகத் தைப்பவன் இவ்வளவு ஒழுங்காகத் தைக்க மாட்டான். பட்டறையில் கடைந்த நாலு ஷாஃப்ட்டில் ஒரே இடத்தில் ஒரே அளவு கோணல் இருந்தால் அது தப்பு இல்லை... டிராயிங்கே அப்படி.

லேபிளில் இருந்த ஜப்பான் எழுத்தை போனில் மொழிபெயர்த்துத் தேடினேன். வேண்டுமென்றே கோணலாகத் தைத்துப் பெயர் வாங்கிய டிசைனர். அவருடைய பழைய உடைகளைத் தேடி அலைகிறவர்கள் ஒரு கூட்டமே இருக்கிறார்கள். விற்பனைக்கு என்று ஆன்லைனில் போட்டோ போட்டேன். பெங்களூரிலிருந்து ஒருவர் பதினோரு அளவு கேட்டார். மில்லிமீட்டரில் கொடுத்தேன். "ஒரு நூல் மாறாமல் திங்கட்கிழமை கிளம்பும்" என்று வாக்கும் கொடுத்தேன். யாரென்றே தெரியாத என்னை நம்பிய முதல் ஆள் அவர்.

சனிக்கிழமை சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்தால் ஹேங்கர் காலி.

"அம்மா, கோட்டு எங்க?"

"கஸ்தூரிகிட்ட குடுத்தேன். ஒரு கை நீட்டு, ஒரு கை குட்ட... அத மாட்டிக்கினு போனா தெருவே சிரிக்கும்டா. சமமா வெட்டி, கீழ மடிச்சி அடிக்கச் சொன்னேன்."

அம்மாவைத் திட்டிப் பயனில்லை. ரவியின் மூட்டையிலிருந்து யார் எது வாங்கினாலும் எங்கள் தெருவில் அடுத்துப் போகும் இடம் கஸ்தூரி அக்கா வீடுதான். பிளவுஸ் தைக்கிறவர். நீளம் குறைப்பார், இடுப்பு பிடிப்பார். அதுதான் வழக்கம். விற்கப் போகிறேன் என்று அம்மாவிடம் நான்தான் சொல்லவில்லை.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். தரையில் கோட்டு விரித்துக் கிடந்தது. இடது பக்கத் தையல் முழுக்கப் பிரிந்திருந்தது. கைமேல் சாக்பீஸ் கோடு. பக்கத்தில் கத்தரி.

"வெட்டாதக்கா!"

"கத்தாத. இன்னும் வெட்டல. இங்க வந்து இத பாரு. கையும் ஒடம்பும் ஒரே துணி! தனியா கையே வெக்கல. பன்னெண்டு வருசமா தைக்கிறேன், அக்குள்ல ஜாயின்ட் இல்லாம கை திரும்பி நான் பாத்ததே இல்ல. இவன் தெரிஞ்சிதான் செஞ்சிக்கிறான். இத வெட்ட எனக்கு மனசு வரல. உங்கம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ."

ரெண்டு நாள் ஸ்கேலோடு உட்கார்ந்தும் எனக்கு அது தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

பிரித்ததைத் தைக்க வேண்டுமே. அக்கா மோட்டாரை நிறுத்திவிட்டு, மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றினார். ஊசி பழைய ஓட்டையிலேயே இறங்க வேண்டும். ஒவ்வொரு தையலாக... எனக்குப் பொறுமை கிடையாது. "சீக்கிரம்க்கா" என்று ரெண்டு முறை சொன்னேன்.

"இது இன்னா உன் லேத்தா? தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது."

பெங்களூர்க்காரரிடம் மறைக்கவில்லை. ஒரு பக்கம் பிரித்துத் தைத்தது, வேண்டாமென்றால் சொல்லிவிடுங்கள் என்றேன். அனுப்புங்கள் என்றார். பார்சல் கிடைத்ததும் ஒரு மெசேஜ் வந்தது. "உள்ளே வெளியே திருப்பிப் பார்த்துட்டேன். எந்தப் பக்கம் பிரிச்சீங்க?"

அக்காவிடம் ஓடிப்போய் வாசித்துக் காட்டினேன். நிமிரவே இல்லை.

"சொல்லாத. தேடட்டும்."

இப்போது எனக்கு இதுதான் தொழில். லேபிளைப் பார்த்தாலே யாருடையது என்று தெரியும். பத்து நிமிஷத்தில் போட்டோ, அளவு, விலை எல்லாம் முடியும். வேகம் பிடிக்கும்தான். ஆனாலும் என்னவென்றே தெரியாத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி முழித்து வெகு நாளாகிறது...

கிழிந்த ஜப்பான் கோட்டுகள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் எங்கள் தெருவுக்கு கூரியரில் வருகின்றன. கூரியர் தம்பி என் வாசலில்தான் வண்டியை நிறுத்துவான். பார்சல்மேல் என் பெயர் இருக்காது. "கஸ்தூரி, டெய்லர்" என்று இருக்கும்.

நான் கையை நீட்டிக் காட்டுவேன். "அந்தக் கோடி வூடு, தம்பி."