மூன்றாவது ப்ளோயரை நிறுத்தியவர்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவருக்குக் காத்துக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. ஊர்ச் சாக்கடை முழுக்க வந்து சேரும் தொட்டிக்கு இருபத்தாறு வருடமாகக் காற்று ஊதிக்கொண்டிருப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும் கிருமிகள் அந்தத் தொட்டியில் கோடிக்கணக்கில் உண்டு. அவை மூச்சுவிட, ப்ளோயர் என்கிற மூன்று இராட்சத இயந்திரங்கள் அடியிலிருந்து காற்றைக் குமிழிகளாக விடும். நிலையத்துக்கு வரும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் இந்த மூன்றுமே விழுங்கிவிடும். அவற்றின் பக்கத்திலேயே நின்று நின்று அவருடைய இடது காது அடைத்துப் போயிருந்தது.

மூன்றும் எதற்கு, இரண்டே போதுமே என்று ஒன்பது வருடம் சொல்லிப் பார்த்தார். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? கடைசியில் புதிதாக வந்த மேலாளர் நச்சரிப்புத் தாங்காமல், “சரிண்ணே, உங்க பொறுப்பு, செய்ங்க” என்றார். தண்ணீரில் எவ்வளவு காற்று கரைந்திருக்கிறது என்று காட்டும் மீட்டரைப் பார்த்தார் காத்துக்காரர், நுரையின் நிறத்தைப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். மூன்றாவது ப்ளோயரை நிறுத்தினார். தண்ணீர் தெளிவாகவே போனது. வாழ்க்கையில் அவர் சாதித்தது அது ஒன்றுதான். அதைச் சொல்லிக்கொள்ள அவர் கூச்சப்பட்டதும் இல்லை. வீட்டிலும் அதே பைத்தியம். ஆளில்லாத அறையில் விளக்கை அணைப்பது போதாதென்று, ஆள் இருக்கும் அறையிலும் அணைப்பார். “நான் மனுஷிங்க, உங்க மூணாவது ப்ளோயர் இல்ல” என்பார் மனைவி.

பிறகு முழங்கால் வலி வந்தது. மீட்டரின் முனையில் தினமும் வழவழவென்று அழுக்கு படியும், துடைத்தாக வேண்டும். அது தொட்டியின் நடுவில், ஒற்றைப் பலகைப் பாலத்தின் கோடியில் தொங்கியது. அவர் அதைக் கழற்றிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். அங்கே குமிழிகள் கொப்பளித்துக்கொண்டு வரும், மீட்டர் எப்போதும் கூடுதலாகவே காட்டும். அதனாலென்ன, மனசுக்குள் கழித்துக்கொள்வார். எவ்வளவு கழிக்க வேண்டும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அதை இன்னொருவரிடம் சொல்லி வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அவர் கையால் செய்துவந்ததைத் தானாகவே செய்யும் என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மீட்டர் காட்டுவதைப் பார்த்து அது காற்றைக் கூட்டும், குறைக்கும். அதற்கு மூக்கா இருக்கிறது? முதல் மாதம் பெட்டி குறைத்த போதெல்லாம் அவர் ஒரு பொத்தானை அழுத்திக் கொஞ்சம் கூட்டிவிட்டார். பழக்க தோஷம். பிறகு மகளுக்குப் பிரசவம் என்று ஐந்து நாள் விடுப்பில் போனார்.

திரும்பி வந்த காலையில், வாசலிலேயே நாற்றம் முகத்தில் அறைந்தது. தொட்டி கரேலென்று கிடந்தது. மீட்டர் கூட்டிக் காட்டியதை அப்படியே நம்பிப் பெட்டி காற்றைக் குறைத்துக்கொண்டே போக, கிருமிகள் மூச்சுத் திணறிச் செத்திருந்தன. தெளியாத தண்ணீர் ஆற்றில் கலந்து, கரை நெடுக மீன்கள் செத்து மிதந்தன. முந்தின நாள் பேரனைத் தூக்கிக் கொஞ்சியவர், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பிறகு நேராக மேலாளரின் அறைக்குப் போனார்.

“தப்பு என்னுதுதான் சார். மீட்டர இடம் மாத்தினது நான்தான். பழைய எடத்துல மாட்டினா எல்லாம் சரியாயிடும்.”

மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர், அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. “அண்ணே, இத வெளிய சொன்னா உங்க வேலை போயிடும். காத்தக் குறைச்சதுதான் தப்புன்னு எழுதி மேல அனுப்பிட்டேன். இனிமே மூணும் முழு வேகத்துல ஓடட்டும். நீங்க வாயத் தெறக்காதீங்க.”

“காத்தக் குறைச்சது தப்பில்ல சார்.”

“எனக்குத் தெரியாதாண்ணே?”

ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருந்தது. காத்துக்காரர் வாயைத் திறக்கவில்லை. மூன்று ப்ளோயர்களையும் அவரே ஓட்டினார். மீட்டரைப் பழைய இடத்தில் மாட்டிப் பார்த்தார். தேவைக்கு இரண்டு மடங்கு காற்று என்று அது காட்டியது. அதற்குப் பிறகு வீட்டில் அவர் ஒரு விளக்கைக்கூட அணைக்கவில்லை. மனைவிக்கு அதுவே பயமாக இருந்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு நண்பகல், வேறொரு நிலையத்திலிருந்து இளம் பொறியாளர் ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். மேலாளர் ரிசீவரை அவரிடம் நீட்டினார். அவர் அதை வலது காதில் வைத்துக்கொண்டார்.

“ஐயா, நீங்க ரெண்டு ப்ளோயர்லயே ஓட்டினீங்கன்னு கேள்விப்பட்டேன். நானும் இங்க ஒண்ண நிறுத்திப் பாக்கலாம்னு கணக்குப் போட்டு வச்சிருக்கேன். எங்க மேலதிகாரி, உங்களக் கேட்டுட்டுச் செய்யச் சொன்னார். நீங்க சரின்னா நாளைக்கே ஆரம்பிச்சுடுவேன். செய்யலாங்களா?”

இத்தனை வருடத்தில் ஒருவராவது இப்படிக் கேட்கமாட்டார்களா என்று அவர் ஏங்கிய கேள்வி. எதிரே மேலாளர் கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“வேணாம்மா” என்றார் காத்துக்காரர். “நாங்க செஞ்சு பாத்தோம். காத்தக் குறைச்சோம், எல்லாம் செத்துப் போச்சு. மூணையும் ஓட்டு.”

“நல்லவேளைங்கய்யா, உங்களக் கேட்டேன்” என்றாள் அந்தப் பெண். இரண்டு முறை நன்றி சொல்லிவிட்டு வைத்தாள்.