நான் ஏற்றிவிட்ட மனை விலை

எங்கள் திருத்தணி ஆந்திராவோடு இருக்குமா, மெட்ராஸோடு சேருமா என்று ஊரே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம். எனக்கோ ஆந்திர சர்க்கார் உத்தியோகம். எல்லை எங்கே விழுந்தாலும் திருப்பதியில் ஒரு மனை இருக்கட்டும் என்று அந்த வைகாசியில் கிளம்பினேன். குழாய்த் தண்ணீர் கொண்டுவரப் பணம் வேண்டி, நகராட்சி தன் காலி நிலத்தை மனை போட்டு ஏலம் விடுவதாக அக்கா சொல்லியனுப்பியிருந்தாள். அந்த நிலம் இருந்த தெருவில்தான் அவள் வீடும்.

காலை ஆறு மணி பஸ். நகரி, புத்தூர் வழியாக நாற்பது மைல். ஒன்றே முக்கால் ரூபாய். இடது பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. புத்தூரில் இட்லி சாப்பிட நேரம் கிடைக்கும்.

பத்து மணிக்கு ஏலம். மூலை மனையை இருநூறில் ஆரம்பித்தார்கள். எதிரே நின்ற மெட்ராஸ் வியாபாரி என் சட்டையைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வீம்பு வந்துவிட்டது. கையில் இருந்ததே நானூறு. நான் எழுநூறு வரை கேட்டேன். எழுநூற்றைம்பதுக்கு அவர் எடுத்தார். "ஆளை நல்லா மாட்டிவிட்டேன் மாமா" என்று அக்கா வீட்டுக்காரரிடம் பெருமை வேறு. அன்று அக்கா எனக்கு வடை சுட்டுப் போட்டாள்.

ஆறு மாதம் கழித்துப் போனபோது அக்கா வீட்டு வாசலில் பில் கலெக்டர் நின்றிருந்தார். அரையாண்டுக்கு ஆறு ரூபாயாக இருந்த வீட்டு வரி பதினைந்தாகியிருந்தது.

"மூல மனை இன்னா வெலைக்குப் போச்சு, பாத்தீங்க இல்ல? அத வச்சுத்தாம்மா வீதி மொத்தத்துக்கும் வரி" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "வாங்காத மனைக்குக் கையத் தூக்கிக்கினே இருந்தியேடா. அது எங்க தலையில வந்து விடியும்னு தெரியலியா?"

மாமாவின் வெற்றிலைக் கடை வருமானத்துக்கு அந்த வரி தாங்கவில்லை. மறு வருஷம் வீட்டை விற்றார்கள். நல்ல விலைதான். ஆனால் அந்தப் பணத்துக்குத் திருப்பதியில் ஒரு குச்சு வீடுகூட அகப்படவில்லை. எல்லா இடத்திலும் விலை ஏறிக் கிடந்தது. வெதுருகுப்பம் கிராமத்துக்குப் போய்விட்டார்கள்.

போன மாதம் அந்தத் தெரு வழியாக நடந்தேன். குழாய் வந்துவிட்டது. அக்காவின் பழைய வீட்டில் தண்ணீர் கேட்டேன். ஒரு சொம்பு கொடுத்தார்கள். கற்கண்டாக இனித்தது. பாதியைக் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஏலத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கையில் இருப்பதற்கு மேல் ஓரணாகூடக் கேட்காதீர்கள். முதல்நாளே போய், அந்தத் தெருவில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

அங்கிருந்து வெதுருகுப்பம் போனேன். அக்கா கிணற்றிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

"நம்ம வூட்டுக்குக் கொழா வந்துட்ச்சாமே. தண்ணி எப்டிடா கீது?"

"உப்புக் கரிக்குதுக்கா" என்றேன்.