பெஞ்சுக்கடியில் ரியா

பி.எட். பயிற்சிக்காக வங்காளத்தின் டாலிகஞ்ச் பள்ளி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்கு மார்க் போடும் பேராசிரியை கடைசி வரிசையில் இருந்தார். பிள்ளைகளின் சத்தத்தை அடக்க ஸ்கேலால் மேஜையில் ஓங்கித் தட்டினேன். ரியா என்ற மாணவி காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கடியில் புகுந்து அலறினாள். என் மார்க் போய்விடும் என்று பயந்தேன். இப்படி அலறும் பிள்ளைகளைக் கூட்டிப்போகத்தானே ஸ்கூல் சைக்காலஜிஸ்ட்? அவரை அழைத்துவர ஆளனுப்பினேன்.

சைக்காலஜிஸ்ட் மௌசுமி தீதி, அதாவது மௌசுமி அக்கா, வந்ததும், "சீக்கிரம் கூட்டிட்டுப் போயிடுங்க, தீதி," என்று கெஞ்சினேன்.

அவர் ரியாவைத் தொடக்கூட இல்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். "அவ இங்கேயே இருக்கட்டும். நீ அந்த ஸ்கேலைக் கீழே வை. பாடத்தை நடத்து," என்றார் பெங்காலியில்.

வைத்தேன். மெதுவாகத் தொடர்ந்தேன். அலறல் விம்மலாகி அடங்கியது. கடைசியில் நான் கேட்ட கேள்விக்குப் பெஞ்சுக்கடியிலிருந்து பதில் வந்தது. சரியான பதில்.

அவளை வெளியே அனுப்பியிருந்தால்? அந்தப் பதிலை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.