எதில் எடுத்தீர்கள் என்று கேட்ட ஆஸ்பத்திரி

மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரே நாளில் கடிதம் எழுதினேன். மூன்றிலும் அதே பதினொரு கேள்விகள், அதே வரிசையில். பதில்கள் வந்த பிறகு மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் எங்கே போவது என்பது தானாகத் தெரிந்துவிடும் என்று நம்பினேன்.

எண்பதுகளின் கடைசி அது. ஜவ்வாது மலையில், புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் அரைமணி நேரம் தள்ளி இருந்த ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் நான் லேப் டெக்னீஷியன். மலேரியாவுக்கு ரத்தம், காசநோய்க்குச் சளி, கர்ப்பிணிகளுக்குச் சிறுநீர் என்று பகல் முழுவதும் மைக்ராஸ்கோப்பின் முன்னால் குனிந்திருப்பேன். என் கணவர் பக்கத்து ஊர் உறைவிடப் பள்ளியில் வாத்தியார். கல்யாணமாகி ஆறு வருடங்கள். குழந்தை இல்லை. திருப்பத்தூரில் ஒரு பெண் டாக்டர் இரண்டு வருடம் மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டு, "இனிமே பெரிய எடமா பாருங்க" என்று சீட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டார்.

பம்பாயில் டெஸ்ட் டியூப் முறையில் குழந்தை பிறந்ததைப் பத்திரிகையில் படித்திருந்தோம். மதராஸிலும் பெங்களூரிலும் ஆரம்பித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். யாரிடமும் விசாரிக்க முடியாது. விசாரித்தால் மறுநாள் மலை முழுக்கத் தெரியும். ஏற்கெனவே எங்கள் நிலையத்து ஆயா தினமும் ஒரு தடவை கேட்பாள்.

"ஏம்மா லேப்பம்மா, கண்ணுக்கே தெரியாத பூச்சியெல்லாம் எண்ணி எண்ணி எழுதறியே. ஒன் வவுத்துல ஒண்ணு ஏன் தங்கலைன்னு அந்தக் கொழாயில பாக்க மாட்டியா?"

"பார்த்துக்கினுதான் ஆயா இருக்கேன்."

"இன்னா தெரியுது?"

"நீ தரையக் கழுவாம பேசிக்கினு இருக்கறது தெரியுது."

அவள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் உண்மையில் நான் பார்த்திருந்தேன். என் கணவரின் விந்தை நானே என் மைக்ராஸ்கோப்பில் சோதித்திருந்தேன். எண்ணிக்கையில் குறையில்லை. அசைவு மட்டும் சுத்தமாக இல்லை. ஒன்றுகூட நகரவில்லை. இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்தேன். அதே முடிவு. ஒரு சோதனையை இரண்டு தடவை செய்து ஒரே பதில் வந்தால் அதை நம்பலாம் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அன்று அவரிடம் சொன்னேன். சுற்றி வளைக்காமல், நோயாளியிடம் சொல்வதைப் போலவே சொன்னேன். அவர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஒண்ணு கூடவா?" என்று கேட்டார். "ஒண்ணு கூட" என்றேன். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நான் எடுத்தால் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

மூன்று கடிதங்களோடும் அந்த ரிப்போர்ட்டின் நகலையும் வைத்து அனுப்பினேன். என் கேள்விகளில் சில நினைவிருக்கின்றன. எத்தனை நாள் அங்கேயே தங்க வேண்டும்? சினைமுட்டையை எடுப்பவர் யார், இதற்கு முன் எத்தனை முறை எடுத்திருக்கிறார்? லேபில் வேலை செய்பவர் எங்கே படித்தவர்? கரண்ட் போனால் கருவை வைக்கும் இன்குபேட்டர் எத்தனை மணி நேரம் சூடு தாங்கும்? இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எத்தனை குழந்தைகள் பிறந்தன?

மதராஸின் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து முதல் பதில் வந்தது. வழவழப்பான தாளில் அச்சிட்ட மடிப்பிதழ். அட்டையில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை; வெள்ளைக்காரக் குழந்தை. என் கேள்விகளுக்குப் பதில் இல்லை. 'நேரில் வரவும்' என்று கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்ப். உறையின் மேலேயே ஆஸ்பத்திரியின் பெயரும் எதற்கான ஆஸ்பத்திரி என்பதும் கொட்டை எழுத்தில் இருந்தன. திருப்பத்தூரிலிருந்து தபாலைக் கொண்டுவரும் ஜீப் டிரைவர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார்.

அடுத்தது பெங்களூர். டைப் செய்த கடிதம், நல்ல ஆங்கிலம். பதினொன்றில் ஏழுக்குப் பதில் இருந்தது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டாம். ஒரு குழந்தை பிறந்திருக்கிறது, இரண்டு பேர் கர்ப்பமாக இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். கடைசிப் பத்தியில், 'உங்கள் கணவரின் ரிப்போர்ட்டைப் பார்த்ததில் எந்த முறையில் செய்தாலும் வேறொருவரின் விந்தைத் தானமாகப் பெற்றாக வேண்டும். இத்துடன் உள்ள சம்மதப் படிவத்தில் கணவர் கையெழுத்திட்டு அனுப்பினால் தேதி தருகிறோம்' என்று இருந்தது.

பதில்களை வைத்து நான் போட்ட அட்டவணையில் பெங்களூர்தான் மேலே நின்றது. மூன்றாவது பதில் வரவே இல்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெயரை அடித்துவிட்டேன்.

படிவத்தை அவரிடம் கொடுத்தேன். மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தார். நான்காம் நாள், வியாழக்கிழமை, கையெழுத்துப் போட்டு உறையில் வைத்து ஒட்டி, "நாளைக்கு ஜீப்புல குடுத்தனுப்பறேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கீழேயிருந்து வந்த ஜீப்பில் எனக்கு ஒரு இன்லேண்டு லெட்டர் வந்தது. மூன்றாவது ஆஸ்பத்திரி. மதராஸில் ஒரு பெண் டாக்டர் சின்னதாக நடத்திவந்த இடம். கையால் எழுதியிருந்தார், தமிழில். தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று ஆரம்பித்து, என் கேள்விகளுக்கு எண் போட்டுப் பதில் எழுதியிருந்தார். எத்தனை குழந்தைகள் என்ற கேள்விக்கு நேராக, 'ஒன்பது பேருக்குச் செய்தோம். இன்றுவரை ஒன்றும் தங்கவில்லை' என்று இருந்தது.

அதற்குக் கீழே, 'நான் உங்களைக் கேட்க வேண்டியவை' என்று தலைப்பிட்டிருந்தார். 'எண்ணிக்கை இவ்வளவு நன்றாக இருந்து ஒன்றுகூட அசையாமல் இருப்பது அபூர்வம். எதில் எடுத்தீர்கள்? அதை எதனால் கழுவினீர்கள்? மூடி ரப்பரா? உங்கள் கருக்குழாய்களை இதுவரை ஏன் யாரும் எக்ஸ்ரே எடுக்கவில்லை?'

எதனால் கழுவினீர்கள் என்ற வரியில் என் கண் நின்றுவிட்டது.

எங்களைப் போன்ற இடங்களில் மாதிரி எடுக்கத் தனியாகப் புட்டிகள் வருவதில்லை. ஊசி போட்டுத் தீர்ந்த பென்சிலின் புட்டிகளை வைத்துக்கொள்வோம். சளிக்கும் அதுதான், சிறுநீருக்கும் அதுதான். சோப்புத் தண்ணீரில் அலசி, வேகவைத்து, காயவைப்போம். என் கணவருடையது என்பதால் நான் ஒரு படி கூடுதலாகச் செய்தேன். கடைசியில் ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்கிக் கொட்டி, சொட்டு ஈரத்தோடு உடனே மூடி வைத்தேன். கிருமி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்று. இரண்டாவது தடவையும் அதையே செய்தேன், இன்னும் கவனமாக.

கிருமியைக் கொல்லும் ஸ்பிரிட் வேறெதைக் கொல்லும் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஜீப் புளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பக் கிளம்பும் சத்தம் கேட்டது. கையில் பிடித்த கடிதத்தோடு ஓடினேன். வண்டி திருப்பத்தில் வேகம் குறைந்தபோது குறுக்கே போய் நின்றேன்.

"இன்னாம்மா, வண்டியில வுழ வர்றியா?" என்று டிரைவர் கத்தினார்.

"வாத்தியார் ஒரு தபால் குடுத்தாரு இல்ல, அதக் குடுங்க."

"அவுரு போஸ்ட் பண்ணச் சொல்லிக் குடுத்தாரு. நீ வேணாங்கற. வூட்ல சண்டையா?"

"விலாசம் தப்பா எழுதிட்டாருங்க."

"வாத்தியாரே தப்பா எழுதினா பசங்க இன்னா எழுதும்?" என்று பின்னால் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் உறையைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரத்துக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாசலில் இருந்த பலாமரத்தடிக்கு அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். புட்டி, ஸ்பிரிட், கடிதம், ஜீப்பை மறித்தது, எல்லாவற்றையும் நடந்த வரிசையில். குரல் நிதானமாகத்தான் இருந்தது. அதுவே அவருக்குக் கோபத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

"அப்போ நீ பாத்தது?"

"புட்டியில செத்ததப் பார்த்தேங்க. உங்ககிட்ட எப்டியிருந்துதுன்னு எனக்குத் தெரியாது."

"எட்டு மாசம்" என்றார். பிறகு, "எங்கம்மாகிட்ட சொல்ட்டேன்" என்றார்.

"என்னன்னு?"

"கொற எங்கிட்டதான்னு. பொங்கலுக்குப் போனப்ப. உன்ன ஏதாவது கேட்டுக்கினே இருந்தாங்க இல்ல, அதுக்காவ."

பொங்கலிலிருந்து என் மாமியார் என்னை ஒரு வார்த்தையும் கேட்காமல் இருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வயதாகி மனம் இளகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

"சுத்தமான புட்டியில இன்னொரு தடவ பார்த்துடலாங்க. நாளைக்கே—"

"நீ பாக்க வேணாம்" என்றார். அதைக் கத்திச் சொல்லவில்லை. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களிடம் திரும்பிப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து மதராஸ் போனோம். அந்த இடம் ஒரு பழைய வீட்டின் மாடி. வெளியே நான்கு நாற்காலிகள், உள்ளே இரண்டு அறைகள். டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். என்னைத் திட்டவில்லை. "ஸ்பிரிட்டா?" என்று மட்டும் கேட்டு, அதை நோட்டில் எழுதிக்கொண்டார். என் கணவரிடம் ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொடுத்து, எங்கே போக வேண்டும் என்று காட்டினார்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். எனக்குத் தெரிந்த வேலை பக்கத்து அறையில் நடந்துகொண்டிருந்தது. அது கட்டியாக இருக்கும் விந்து நீர்த்துப்போகும் வரை வைக்கும் நேரம், இது சொட்டு எடுக்கும் நேரம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இவர் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கதவைத் திறந்து, "சார், வந்து நீங்களே பாருங்க" என்றார். என்னைக் கூப்பிடவில்லை. நான் எழுந்திருக்கவும் இல்லை.

வெளியே வந்தபோது அவர் முகம் எப்படியிருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. "ஓடுது" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் எனக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு குழாய்களும் அடைப்பு. படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் விளக்குவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எக்ஸ்ரேயில் தெரிவதற்காக உள்ளே ஏற்றிய மருந்து ஓரிடத்தில் வந்து நின்றிருந்தது, அதற்கு மேல் வெள்ளைக்கோடு இல்லை. "டெஸ்ட் டியூப் முறைதான் உங்களுக்கு வழி. ஆனா இங்கேதான் செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன். பெங்களூர்ல பொறந்திருக்கு. எங்கிட்ட இன்னும் பொறக்கல. யோசிச்சு எழுதுங்க" என்றார்.

மதராஸிலிருந்து வேலூருக்கு பஸ் ஏறினோம். மனசுக்குள் அட்டவணையை மறுபடி போட்டேன். எண்ணிக்கையில் பெங்களூர்தான் மேல். ஜெனரேட்டரில் பெங்களூர். ரயில் வசதியில் பெங்களூர். ஆனால் அங்கே ஒருவரும் என் ரிப்போர்ட்டைச் சந்தேகப்படவில்லை. அவர்களும் என்னைப் போலவே காகிதத்தைப் பார்த்தே ஒரு மனிதனுக்குத் தீர்ப்பு எழுதியிருந்தார்கள். டாக்டரம்மாவின் கடிதம் அடுத்த ஜீப்பில் வந்திருந்தால் வேறொருவருடைய விந்துக்கு நாங்கள் தேதி வாங்கியிருப்போம். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

வேலூர் பஸ் ஸ்டாண்டில், "இந்த மதராஸ் டாக்டரம்மாவே இருக்கட்டுங்க" என்றேன்.

"நானும் அதான் நெனச்சேன்" என்றார். பிறகு, "அம்மாகிட்ட நீ சொல்லு. நான் மறுபடி போய் மாத்திச் சொல்ல மாட்டேன்" என்றார். அதில் கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

மலைக்குப் போகாமல் கண்ணமங்கலம் பஸ்ஸில் ஏறினோம். அவர் வீடு அங்கிருந்து இரண்டு மைல், மலையடிவாரம். மாமியார் களத்தில் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இவர் உட்காரவில்லை. மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டார், காது கேட்கும் தூரத்தில்.

"அத்த, அவருமேல கொற இல்ல. நான் தப்பா பார்த்து தப்பா சொல்லிட்டேன். அடைப்பு எனக்குத்தான். படம் எடுத்துப் பார்த்துட்டாங்க."

கடலை ஆயும் கை நிற்கவில்லை.

"இன்னாடி, பொங்கலுக்கு அவன்றீங்க, இப்போ நீன்றீங்க. அடுத்தது நானா?"

"இல்லத்த. இது கடைசி."

"எட்டு மாசமா எம்புள்ள ஊருக்கு வந்தா குனிஞ்ச தல நிமிரல. பங்காளி வூட்டுக் கல்யாணத்துக்குக்கூட வரல. தெரியுமா உனுக்கு?"

"இப்பதான் தெரியும்."

"படிச்சவ பாத்தியாம், அவன் நம்பினானாம்." கடலைக் கொடியை ஓங்கி உதறினார். மண் என் புடவையில் தெறித்தது. நான் துடைக்கவில்லை. "செரி. வைத்தியம் கீதா, இல்லியா?"

"இருக்குது. மதராஸ்ல."

"அவங்க இதுவரிக்கும் எத்தினி பேருக்குப் புள்ள குடுத்துக்கீறாங்க?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. "ஒருத்தருக்கும் இல்லத்த. பெங்களூர்ல ஒண்ணு பொறந்திருக்குது."

"அப்பறம் இன்னாத்துக்கு மதராஸு?"

"நான் பண்ண தப்ப பெங்களூர்ல யாரும் கண்டுபிடிக்கல. இவங்க கண்டுபிடிச்சாங்க."

அவர் முதல் முறையாகக் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். கொட்டகைப் பக்கம் திரும்பி மகனைப் பார்த்தார். இவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். 

"எத்தினி நாளு தங்கணும்?"

"இருபது நாள் ஆகும்."

"கடலையப் புடுங்கி முடிச்சிட்டு நானும் வர்றேன்" என்றார். "ஒனக்கு சோறாக்கிப் போட இல்ல. அந்த டாக்டர நான் ஒரு தபா பாக்கணும்."